காந்தவாலில் கண்ட அலைக்குப் பெயர் வைக்கும் முன்: எம்எம்எஸ் தரவுடன் ஒரு செய்முறை

பூமியின் இரவுப் பக்கக் காந்தவாலில் (சூரியக் காற்று இழுத்து நீட்டிய பூமியின் காந்தப்புலப் பகுதி) அலையே இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. மின்புல அளவியின் தரவைத் திறந்தால் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டுதான் இருக்கும். அது என்ன அலை என்று சரியாகச் சொல்வதுதான் கடினம். நிறமாலைப் படத்தில் 13 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பட்டை தெரிந்தவுடன் ‘லோயர் ஹைப்ரிட் அலை’ (அயனி, எலக்ட்ரான் சுழல் அதிர்வெண்களுக்கு நடுவே அதிரும் அலை) என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் விண்கலம் பார்க்கும் அதிர்வெண்ணும், பிளாஸ்மாவோடு (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு) கூடவே நகரும் ஒருவர் பார்க்கும் அதிர்வெண்ணும் வேறு வேறு. வாலில் பிளாஸ்மா நொடிக்கு 300 கிமீ வேகத்தில் ஓடுவது சாதாரணம்; இந்த வேறுபாட்டை மறந்தால் முடிவே மாறிவிடும்.

ஆகவே முதலில் பின்னணி எண்கள், அடுத்து ஆய அச்சுகள், பிறகு அலையின் நீளமும் திசையும், அதன்பின் அந்த அலைக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பெயர் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் பாதி வழியில் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

தரவு

பூமியின் காந்தப்புலத்தை ஆராயும் நாஸாவின் எம்எம்எஸ் (Magnetospheric Multiscale) திட்டத்தின் நான்கு விண்கலங்கள் 2015 மார்ச்சில் ஏவப்பட்டன. 2017-இல் அவற்றின் தொலைவுப் புள்ளி சுமார் 25 பூமி ஆரத்துக்கு உயர்த்தப்பட்டது. அப்போதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வடகோளக் கோடையை ஒட்டிய மாதங்களில் அவை வாலுக்குள் சென்று வருகின்றன. தரவு முழுதும் இலவசம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாஸ்ப் நிலையத்தில் உள்ள எம்எம்எஸ் தரவு மையத்திலிருந்து எடுக்கலாம். பைத்தான் பழகியவர்களுக்குப் பைஸ்பெடாஸ், மாட்லாப் பழகியவர்களுக்கு உப்சாலாவிலிருந்து வரும் இர்ஃபு-மாட்லாப். இரண்டுமே கோப்புகளைத் தாமே இறக்கிக்கொள்ளும்.

பழகிப் பார்க்க 2017 ஜூலை 11, உலக நேரம் 22:34-ஐ எடுங்கள். பூமியிலிருந்து சுமார் 22 பூமி ஆரத் தொலைவில், காந்த மறு இணைப்பு (எதிரெதிர்ப் புலக்கோடுகள் அறுந்து புதிதாக இணைவது) நடக்கும் எலக்ட்ரான் பரவல் பகுதிக்குள்ளேயே எம்எம்எஸ் கடந்துபோன நேரம் அது. பிளாஸ்மா ஓட்டம் வால்நோக்கியதிலிருந்து பூமிநோக்கியதாகத் திரும்புவதும், காந்தப்புலத்தின் இசட் (வடக்கு நோக்கிய) கூறு எதிரிலிருந்து நேருக்கு மாறுவதும் சர்வே தரவிலேயே (குறைந்த வேகத் தொடர் பதிவு) தெரியும். இந்த இரண்டும் உங்கள் படத்தில் வரவில்லை என்றால் ஆயத்தையோ நேரத்தையோ தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

இறக்க வேண்டியவை: காந்தமானி (பர்ஸ்டில், அதாவது அதிவேகப் பதிவில், நொடிக்கு 128 புள்ளிகள்), வேகமாக மாறும் காந்தப்புலத்தை அளக்கும் தேடு சுருள் காந்தமானி, மின்புல அளவி (இரண்டும் பர்ஸ்டில் நொடிக்கு 8192 புள்ளிகள்), துகள் அளவி (எலக்ட்ரானுக்கு 30 மில்லிநொடி, அயனிக்கு 150 மில்லிநொடி). எல்லாம் இரண்டாம் நிலைத் தரவாக, அதாவது அளவு திருத்தப்பட்ட தரவாக, இருக்கட்டும். சர்வே தரவு இடத்தைத் தேட மட்டும். அலை வேலைக்குப் பர்ஸ்ட் தேவை. பர்ஸ்ட் தரவு சுற்றுப்பாதையின் சிறு பகுதிக்கே கிடைக்கும். அதையும் ‘சுவையான’ நேரம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பர்ஸ்ட் நேரங்களை மட்டும் எண்ணி, வாலில் இந்த அலை இத்தனை விழுக்காடு நேரம் இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

பின்னணி எண்கள்

நான்கு அளவுகளை முதலில் தாளில் எழுதுங்கள்: காந்தப்புலம், எலக்ட்ரான் அடர்த்தி, அயனி வெப்பநிலை, எலக்ட்ரான் வெப்பநிலை. மற்றவை எல்லாம் இவற்றிலிருந்து வரும். காந்தப்புலம் நானோடெஸ்லாவில், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு, வெப்பநிலை எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்க வேண்டும்:

எலக்ட்ரான் சுழல் அதிர்வெண் = 28 × காந்தப்புலம், ஹெர்ட்ஸில்.
புரோட்டான் சுழல் அதிர்வெண் = 0.0152 × காந்தப்புலம், ஹெர்ட்ஸில்.
லோயர் ஹைப்ரிட் அதிர்வெண் = எலக்ட்ரான் சுழல் அதிர்வெண் ÷ 43.
பிளாஸ்மா அதிர்வெண் = 8.98 × அடர்த்தியின் வர்க்கமூலம், கிலோஹெர்ட்ஸில்.
புரோட்டான் சுழல் ஆரம் = 144 × வெப்பநிலையின் வர்க்கமூலம் ÷ காந்தப்புலம், கிமீயில்.
எலக்ட்ரான் சுழல் ஆரம் = 3.37 × வெப்பநிலையின் வர்க்கமூலம் ÷ காந்தப்புலம், கிமீயில்.
எலக்ட்ரான் நிலைம நீளம் = 5.31 ÷ அடர்த்தியின் வர்க்கமூலம், கிமீயில்.

பிளாஸ்மா தாளின் (வாலின் நடுவே உள்ள சூடான, அடர்ந்த அடுக்கு) ஓரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 20 நானோடெஸ்லா, அடர்த்தி 0.3, அயனி 3000, எலக்ட்ரான் 500. எலக்ட்ரான் சுழல் அதிர்வெண் 560 ஹெர்ட்ஸ், லோயர் ஹைப்ரிட் 13, புரோட்டான் 0.3, பிளாஸ்மா அதிர்வெண் 4.9 கிலோஹெர்ட்ஸ். புரோட்டான் ஆரம் 394 கிமீ, எலக்ட்ரான் ஆரம் 3.8 கிமீ. இனிப் பார்க்கும் எந்த அலையையும் இந்த எண்களோடுதான் ஒப்பிடப் போகிறோம். ஆனால் காந்தப்புலம் மாறும்போது இவையும் மாறும். தாளின் நடுவில் அது 2 நானோடெஸ்லாவுக்கு விழுந்தால் லோயர் ஹைப்ரிட் 1.3 ஹெர்ட்ஸ்தான். அதனால் நிறமாலைப் படத்தின் மேல் இந்த அதிர்வெண்களைக் கோடுகளாக, ஒவ்வொரு கணத்துக்கும் கணக்கிட்டு வரையுங்கள். ஒரே சராசரியை வைத்து நேர்க்கோடு இழுத்தால் பயனில்லை.

பீட்டா, அதாவது பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று சொல்லும். காந்த அழுத்தம் நானோபாஸ்கலில் 0.000398 × காந்தப்புலத்தின் வர்க்கம். பிளாஸ்மா அழுத்தம் 0.00016 × அடர்த்தி × இரு வெப்பநிலைகளின் கூட்டுத்தொகை. பீட்டா ஒன்றுக்கு மேல் என்றால் பிளாஸ்மா தாள், 0.1-க்குக் கீழே போனால் தாளுக்கு மேலும் கீழும் உள்ள, அடர்த்தி குறைந்த மடலுக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. எம்எம்எஸ் துகள் அளவி 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைதான் எண்ணும். சூடான பிளாஸ்மா தாளில் கணிசமான அயனிகள் அதற்கு மேலே இருக்கும். அவை விடுபடுவதால் அயனி அழுத்தம் குறைத்துக் காட்டப்படும். தாளைக் குறுக்காகக் கடக்கும்போது மொத்த அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் அது பள்ளமாக விழுந்தால் உங்கள் அயனி வெப்பநிலை நம்பத்தக்கதல்ல. உயர் ஆற்றல் துகள் அளவியின் தரவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மின்புலத்தை எப்போது நம்பலாம்

மின்புலத் தரவோடு வரும் தரக் குறியை முதலில் பாருங்கள். 3 என்று இருக்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மடலில் அடர்த்தி மிகக் குறைவு. அங்கே விண்கலத்தின் மின்னழுத்தம் உயரும். குளிர்ந்த அயனிகள் ஓடும்போது விண்கலத்தின் பின்னால் ஒரு நிழல் உருவாகி, இல்லாத மின்புலத்தைக் காட்டும். இந்தப் போலிப் புலம் குளிர் அயனிகளின் ஓட்டத் திசையிலேயே இருப்பதும், எலக்ட்ரான் கற்றை வைத்து அளக்கும் கருவியோடு ஒத்துப்போகாததும் அடையாளங்கள்.

விண்கலச் சுழற்சியும் தன் கோடுகளை விட்டுச்செல்லும். எம்எம்எஸ் சுமார் 20 நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது, 0.05 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வருவதை அலை என்று எண்ணாதீர்கள். நாஸாவின் மற்றொரு விண்கலக் குழுவான தெமிஸின் தரவில் இது இன்னும் ஆபத்தானது. தெமிஸ் சுமார் 3 நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது, அதாவது 0.33 ஹெர்ட்ஸ். மேலே 20 நானோடெஸ்லாவுக்குக் கண்ட புரோட்டான் சுழல் அதிர்வெண்ணும் 0.3 தான். அயனி சுழல் அலை கிடைத்துவிட்டது என்று மகிழும் முன், காந்தப்புலம் மாறும்போது அந்தக் கோடு கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகராமல் அதே இடத்தில் நின்றால் அது விண்கலத்தின் சுழற்சி.

மெதுவானதிலிருந்து தொடங்குங்கள்: தாளின் படபடப்பு

காந்தப்புலத்தின் எக்ஸ் கூறு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நேருக்கும் எதிருக்குமாக மாறிக்கொண்டிருந்தால், பிளாஸ்மா தாளின் நடுவே உள்ள மின்னோட்டத் தாள் காற்றில் கொடி அசைவதுபோல் மேலும் கீழும் நெளிந்து விண்கலத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. வேக அலைகளைத் தேடும் முன் இதைத் தீர்த்தாக வேண்டும். தாள் சாய்ந்திருக்கும்போது ஜிஎஸ்எம் ஆயத்தின் (எக்ஸ் சூரியனை நோக்கி, ஒய் மாலைப் பக்கம் நோக்கி, இசட் ஏறக்குறைய வடக்கு நோக்கி) இசட் அச்சு தாளுக்குச் செங்குத்தாக இருக்காது. அதை அப்படியே எடுத்தால் அடுத்து வரும் எல்லாக் கூறுகளும் கலங்கிப்போகும்.

ஒவ்வொரு கடப்புக்கும் தனித்தனியாகக் குறைந்த மாறுபாட்டு முறையில் (காந்தப்புலம் மிகக் குறைவாக மாறும் திசையைத் தேடும் முறை) செங்குத்துத் திசையைக் கண்டுபிடியுங்கள். அம்முறை தரும் மூன்று ஐகன் மதிப்புகளில் (ஒவ்வொரு திசையிலும் உள்ள மாறுபாட்டின் அளவு) நடு மதிப்பு சிறிய மதிப்பைப்போலப் பத்து மடங்காவது இருந்தால் திசையை நம்பலாம். மூன்று நான்கு மடங்கு என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து நான்கு விண்கலங்களுக்கு இடையிலான நேர வேறுபாட்டிலிருந்து திசையையும் வேகத்தையும் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்கலங்களின் இடைவெளி 20 கிமீ, தாள் நொடிக்கு 100 கிமீ என்றால் நேர வேறுபாடு 0.2 நொடிதான். நொடிக்கு 16 புள்ளிகள் தரும் சர்வே காந்தப்புலத்தில் இது மூன்றே புள்ளிகள். வேகம் எப்படி வேண்டுமானாலும் வரும். பர்ஸ்டில் 25 புள்ளிகள் கிடைக்கும்.

அடுத்தடுத்த கடப்புகளில் செங்குத்துத் திசையின் ஒய் கூறு குறி மாறி மாறி வந்தால் அது ஒய் திசையில் பரவும் நெளிவு அலை. குறி மாறாமல் இருந்தால் தாள் முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் போகிறது, பரவும் அலை அல்ல. நெளிவு அலைகள் பெரும்பாலும் நள்ளிரவுப் பகுதியிலிருந்து இரு பக்கவாட்டு ஓரங்களை நோக்கிப் போகின்றன. உங்கள் முடிவு இதற்கு எதிராக வந்தால் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.

நிறமாலை

8192 புள்ளித் தரவில் 1024 புள்ளிச் சாளரம் எடுத்தால் அதிர்வெண் பிரிதிறன் 8 ஹெர்ட்ஸ். 13 ஹெர்ட்ஸ் அலை அதில் ஒன்றிரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். லோயர் ஹைப்ரிட் பகுதிக்கு 4096 புள்ளிகளாவது எடுங்கள், அரை நொடி, 2 ஹெர்ட்ஸ். விஸ்லருக்கு (எலக்ட்ரான் சுழல் அதிர்வெண்ணுக்குக் கீழே வரும் மின்காந்த அலை) 512 போதும். அரை நொடிக்குள்ளேயே பின்னணி தலைகீழாக மாறும் இடங்களில் வேவ்லெட் நல்லது. தேடு சுருளின் எல்லை 1 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் கீழே சாதாரணக் காந்தமானியை மட்டும் நம்புங்கள்.

எந்த நிறமாலையைப் பார்த்தாலும் அதே நேரத்தின் அலைவடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள். இதைச் செய்யாததால் பல ஆண்டுகள் தெளிவு பிறக்காத ஒரு விஷயமே உண்டு. வாலில் 1970-களில் கண்ட ‘பரந்த பட்டை மின்நிலை இரைச்சல்’ நிறமாலையில் எல்லா அதிர்வெண்ணிலும் பரவித் தெரிந்தது. ஜப்பானின் ஜியோடெயில் விண்கலம் அலைவடிவத்தையே பதிவுசெய்தபோது, 1994-இல், அது தனித்தனி இருமுகத் துடிப்புகளின் வரிசை என்று தெரிந்தது. கூர்மையான ஒரு துடிப்பின் நிறமாலை இயல்பாகவே பரந்துதான் இருக்கும்.

அத்துடிப்புகளை இன்று எலக்ட்ரான் துளைகள் (எலக்ட்ரான் குறைந்த சிறு பகுதிகள்) என்கிறோம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் டெபை நீளம் (ஒரு மின்னூட்டத்தின் புலத்தைப் பிளாஸ்மா மறைத்துவிடும் தொலைவு) சுமார் 300 மீட்டர். துளையின் அகலம் அதன் சில மடங்கு. 3 கிமீ அகலத் துளை நொடிக்கு 5000 கிமீ வேகத்தில் வந்தால் 0.6 மில்லிநொடியில் கடந்துவிடும்; 8192 புள்ளித் தரவில் ஐந்து புள்ளிகள். நொடிக்கு 20,000 கிமீ என்றால் ஒரே புள்ளி, வெறும் இரைச்சல் போலத் தெரியும். அப்போது நொடிக்கு 65,536 புள்ளிகள் தரும் உயர் அதிர்வெண் தரவு அந்த நேரத்துக்கு இருக்கிறதா என்று தேடுங்கள்.

லோயர் ஹைப்ரிட் சறுக்கல் அலை

இதில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தவறான பெயர்கள் இங்கேதான் அதிகம். அடர்த்தி சட்டென மாறும் இடத்தில் அயனிகளும் எலக்ட்ரான்களும் எதிர்த் திசைகளில் சறுக்குகின்றன. அந்தச் சார்பு ஓட்டமே அலைக்கு எரிபொருள். அலைநீளம் பெரும்பாலும் எலக்ட்ரான் ஆரத்தை ஒட்டியது. அலை எண்ணையும் எலக்ட்ரான் ஆரத்தையும் பெருக்கினால் 0.5 என்று எடுத்தால், நம் எடுத்துக்காட்டில் அலைநீளம் சுமார் 47 கிமீ.

பிளாஸ்மா அலையின் திசையிலேயே நொடிக்கு 300 கிமீ ஓடினால் விண்கலம் பார்ப்பது 6.4 ஹெர்ட்ஸ் கூடுதல். எதிர்த்திசை என்றால் அவ்வளவு குறைவு. அதாவது 13 ஹெர்ட்ஸ் அலை 6.6-இலும் தெரியலாம், 19.4-இலும் தெரியலாம். அலைநீளமும் திசையும் கைக்கு வராமல் இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியாது.

நான்கு விண்கலங்களின் கட்ட வேறுபாட்டிலிருந்து அலைநீளத்தைப் பெறலாம். ஆனால் அலைநீளம் விண்கல இடைவெளியைப்போல இரு மடங்குக்கு மேல் இருந்தால் மட்டுமே விடை ஒன்றுதான். 20 கிமீ இடைவெளிக்கு 47 கிமீ தாங்கும், 30 கிமீ இடைவெளிக்குத் தாங்காது. அந்த நிலையில் ஒரே விண்கலத்தை வைத்துச் செய்யும் முறை உதவும். இந்த அலை காந்தப்புலத்துக்கு இணையான திசையிலும் சிறிதளவு காந்தத் துடிப்பை உண்டாக்கும். அதிலிருந்து மின்னழுத்தம் கிடைக்கும்: பின்னணிக் காந்தப்புலத்தை அத்துடிப்பால் பெருக்கி, அடர்த்தி, எலக்ட்ரான் மின்னூட்டம், வெற்றிட காந்த உட்புகு மாறிலி மூன்றின் பெருக்குத்தொகையால் வகுங்கள். நம் எண்களுக்கு ஒரு நானோடெஸ்லாத் துடிப்புக்கு 331 வோல்ட். 0.5 நானோடெஸ்லா என்றால் 166 வோல்ட், எலக்ட்ரான் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு. எலக்ட்ரான்களைச் சிதறடிக்க இது போதுமானது.

இனி செங்குத்துத் தளத்தில் ஒரு திசையை எடுத்து, அந்தத் திசை மின்புலத்தை நேரத்தில் தொகையிட்டு, மேலே பெற்ற மின்னழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். திசையை ஒவ்வொரு பாகையாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டும் மிக நன்றாகப் பொருந்தும். அதுதான் அலையின் திசை. இரண்டின் அளவும் சமமாக எந்த வேகத்தால் பெருக்க வேண்டுமோ அது அலையின் வேகம். பொருத்தக் கெழு 0.8-க்குக் கீழே என்றால் இந்த முறையின் விடையை எடுத்துக்கொள்ளாதீர்கள். வடிகட்டியின் கீழ் எல்லையைச் சற்று மாற்றி மறுபடியும் செய்யுங்கள்; வேகம் பெரிதாக மாறினால் அலை தனியாகப் பிரியவில்லை, பின்னணியின் மெதுவான மாற்றம் உள்ளே கலந்திருக்கிறது.

கடைசியாக எரிபொருள். அயனிச் சறுக்கல் வேகம் அயனி வெப்ப வேகத்தில் சுமார் 0.15 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். வேறுவிதமாகச் சொன்னால், அடர்த்தி மாறும் தொலைவு அயனி ஆரத்தைப்போல 6.5 மடங்குக்குள் இருக்க வேண்டும். மின்னோட்டத்தைக் கர்லோமீட்டர் முறையில் (நான்கு விண்கலங்களின் காந்தப்புல வேறுபாடுகளிலிருந்து) கணக்கிட்டு, காந்தப்புலத்தின் விரிதல் சுழற்சியை விட மிகச் சிறியதாக இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். இல்லையென்றால் அந்த மின்னோட்டம் செல்லாது. தாளின் ஓரங்களில்தான் இந்த அலை வலுவாக வளரும். பீட்டா அதிகமான நடுப்பகுதியில் அது அடங்கிவிடும். நடுவில் கண்டால், இரு ஆரங்களின் பெருக்கல் சராசரியை, நம் கணக்கில் 39 கிமீயை, அளவாகக் கொண்ட நீளமான மின்காந்த வகையா என்று சோதியுங்கள்.

விஸ்லர்

இருமுனையாக்க முகப்புகளுக்குப் பின்னால், அதாவது இசட் கூறு சட்டென உயர்ந்து உயர்ந்தபடியே நிற்கும் இடத்துக்குப் பின்னால், தேடுங்கள். 10 நானோடெஸ்லாவில் 28 முதல் 140 ஹெர்ட்ஸ் வரை. வலஞ்சுழி வட்ட முனைவாக்கம், நீள்வட்டத்தன்மை +1 அருகே. முனைவாக்க அளவைக் கணக்கிடும்போது நிறமாலை அணியைப் பல நேரங்களிலோ பல அதிர்வெண்களிலோ சராசரியெடுக்க வேண்டும். ஒற்றை மதிப்பீட்டை வைத்தால் வெறும் இரைச்சலுக்கும் விடை 1 என்றே வரும். காந்தத் தரவு மட்டும் இருந்தால் அலை புலத்தோடு போகிறதா எதிராகவா என்று தெரியாது. மின்புலத்தையும் சேர்த்து பாய்ண்டிங் திசையன் (அலையின் ஆற்றல் ஓடும் திசை) கணக்கிட்டால்தான் தெரியும்.

அதே 10 நானோடெஸ்லாவில் அடர்த்தி 0.3, அலை எலக்ட்ரான் சுழல் அதிர்வெண்ணில் கால் பங்கு என்றால் ஒத்ததிரும் எலக்ட்ரான்களின் இணை ஆற்றல் சுமார் 1.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலில் செங்குத்து வெப்பநிலை இணை வெப்பநிலையைப்போல 1.33 மடங்குக்கு மேல் இருந்தால் அலை அங்கேயே பிறக்கிறது. முழு எலக்ட்ரான் வெப்பநிலையின் சராசரியைப் பார்த்து ‘திசை வேறுபாடு இல்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேறுபாடு சில ஆற்றல்களில் மட்டும் இருக்கக்கூடும்.

அவசரமாகச் சூட்டக் கூடாத மூன்று பெயர்கள்

அயனி ஒலியலை: வாலில் அயனிகள் எலக்ட்ரான்களை விட ஐந்து, ஆறு மடங்கு சூடானவை. அந்நிலையில் இந்த அலை பிறந்தவுடன் லாண்டாவ் தணிப்பில் (அலையின் ஆற்றலைத் துகள்கள் உறிஞ்சுவது) மடிந்துபோகும். குளிர்ந்த அயனிகள் தனியாக இருப்பதைத் துகள் பரவலில் காட்டாமல் இந்தப் பெயரை எழுத வேண்டாம்.

ஃபயர்ஹோஸ் (புலக்கோடுகள் நீர்பாயும் குழாய்போல நெளிவது): இணை அழுத்தம் செங்குத்து அழுத்தத்தை மிஞ்சும் அளவு, காந்தப்புலத்தின் வர்க்கத்தை வெற்றிட மாறிலியால் வகுத்ததை விட அதிகமானால் நிலையின்மை. தாளின் நடுவில் காந்தப்புலம் ஏறக்குறைய பூச்சியம் என்பதால், அழுத்த அளவீட்டில் உள்ள சிறு பிழைகூட இந்த நிபந்தனையைத் தாண்டவைக்கும். பிழை எல்லையோடு சேர்த்து வரைந்து, அப்போதும் தாண்டினால் மட்டும் எடுங்கள்.

கிழிவு நிலையின்மை (மின்னோட்டத் தாள் துண்டுகளாகக் கிழிந்து மறு இணைப்பு தொடங்குவது): இதை அலையாகப் பார்க்க முடியாது, அதன் விளைவைத்தான் பார்க்க முடியும். தாளுக்குச் செங்குத்தான சிறிய காந்தக் கூறுகூட எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்து இதைத் தடுக்கும். தாள் அயனி ஆரம் அளவுக்கு மெலிந்த பிறகே வழி திறக்கும். விளைவாக உருவாகும் காந்தக் கயிறுகளில் (முறுக்கிய புலக்கோட்டுக் கற்றைகள்) இசட் கூறு இரு குறிகளையும் காட்டும்: வால்நோக்கிப் போனால் முதலில் நேர், பின் எதிர், பூமிநோக்கி வந்தால் முதலில் எதிர், பின் நேர். நடுவில் ஒய் கூறு உயர்ந்து மொத்தக் காந்தப்புலமும் கூடினால் கயிறு. சிறு பள்ளத்துக்குப் பின் இசட் கூறு ஏறி அப்படியே நின்றால் அது இருமுனையாக்க முகப்பு. பூமிநோக்கி வரும் கயிற்றையும் முகப்பையும் பிரிக்க ஓட்டத்தின் குறி உதவாது, இரண்டுமே பூமிநோக்கித்தான் ஓடுகின்றன. மொத்தக் காந்தப்புலம் எங்கே உச்சம் தொடுகிறது என்பதைப் பாருங்கள். கயிற்றில் உச்சம் குறி மாறும் புள்ளியை ஒட்டி இருக்கும், முகப்பில் அது குறி மாற்றத்துக்குப் பின்னே தள்ளி வரும்.